கீழே பார்த்தால் விழுவீர்கள்! திருவிடந்தை கடலோரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் சுமார் 40 கிலோமீட்டர். முட்டுக்காடு, கோவளம் தாண்டியதும் வருகிறது திருவிடந்தை. மாமல்லபுரம் போகும் அவசரத்தில் பலரும் இந்த ஊரைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்தது. ஆனால், வீட்டில் கல்யாணம் தள்ளிப்போகும் பிள்ளை இருந்தால் கதையே வேறு. அந்த அம்மா அப்பாவுக்குத் திருவிடந்தைக்கு வழி சொல்ல வேண்டியதில்லை.

108 திவ்ய தேசங்களில் ஒன்று இங்குள்ள நித்யகல்யாணப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய தலம். காலவ முனிவருக்கு 360 பெண்கள். பிரம்மச்சாரியாக வந்த பெருமாள் நாளுக்கு ஒருவராக அத்தனை பேரையும் மணந்து, கடைசி நாளில் அனைவரையும் ஒருவராக்கித் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். இடப்பக்கம் தாயாரை வைத்த எந்தை, அதனால் 'திரு இட எந்தை'. அது பேச்சு வழக்கில் திருவிடந்தை ஆனது என்கிறார்கள். கருவறையில் இருப்பவர் ஆதிவராகர்.

வரன் தேடுபவர்கள் மாலை வாங்கி வந்து அர்ச்சனை செய்கிறார்கள். திரும்பக் கிடைக்கும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று. அந்த மாலை பத்திரமாக வீட்டுக்குப் போகும். கல்யாணம் முடிந்ததும் காய்ந்துபோன அதே மாலையோடு ஜோடியாக வந்து மறுபடி சுற்ற வேண்டும். காலையில் கோயிலுக்குள் நின்றால் இரண்டு வகையினரையும் பார்க்கலாம். முதல் சுற்று சுற்றுபவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நன்றி சொல்ல வந்த ஜோடிகள் செல்ஃபி எடுக்க இடம் தேடுகிறார்கள்.

தரிசனம் முடிந்தால் வெயில் ஏறுவதற்கு முன்பே கடலுக்குப் போய்விடுவது நல்லது. வந்த வழியிலேயே சில நிமிடங்கள் திரும்பிப் போனால் கோவளம். ஞாயிறு காலைகளில் அங்கே வேறொரு கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இவர்கள் கையில் மாலைக்குப் பதிலாக ஆளைவிட உயரமான பலகை!

பலகையும் படகும்

கோவளம் பழைய ஊர். ஒரு பக்கம் தமீமுல் அன்சாரி தர்கா, இன்னொரு பக்கம் மாதா கோயில், நடுவே மீனவர் குடியிருப்பு. 2021-ல் இந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதற்கு முன்பே இந்த ஊருக்கு வேறொரு பெயர் வந்துவிட்டது. அலைச்சறுக்கு ஊர், அதாவது சர்ஃபிங் ஊர்.

அதற்கு முக்கியக் காரணம் மூர்த்தி மேகவன். இந்த ஊர் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. சர்ஃபிங்கைத் தானும் கற்று, ஊர்ப் பையன்களுக்கும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தவர். தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவோடு 2012-ல் 'கோவ்லாங் பாயின்ட்' சர்ஃபிங் பள்ளி உருவானது. குடி கூடாது, சிகரெட் கூடாது, அலை மட்டும்தான் என்பது அந்தப் பள்ளி ஊருக்குள் வைத்த கட்டுப்பாடு. சர்ஃபிங்கைவிட அந்த விதியில்தான் பல அம்மாக்களுக்கு நிம்மதி கிடைத்திருக்கும்.

வெளிநாட்டு விளையாட்டை மீனவப் பையன்கள் எப்படி இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள் என்று ஆச்சர்யப்படுபவர்கள் உண்டு. ஆச்சர்யப்பட எதுவுமில்லை. சேர்த்துக் கட்டிய நாலைந்து மரங்களின் மேல் நின்றபடி அலையைத் தாண்டிப் போய், அலை மேலேயே ஏறிக் கரை சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 'கேட்டமரான்' என்று உலகமே சொல்லும் வார்த்தை நம் கட்டுமரம்தான். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் ஆழ்கடலிலேயே நின்றன. அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. அதில் பலகைகளை ஆணி அடித்து இணைக்க மாட்டார்கள், கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு விறைத்து நிற்காமல் கொஞ்சம் நெளிந்துகொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் இந்தக் கடற்கரையில் பட்ட பாடு தனிக்கதை.

இப்போது அந்த வீட்டுப் பையன்களிடம் பாடம் கேட்க, ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பயிற்சியாளருக்கு 20 வயது, கற்றுக்கொள்பவருக்கு 45. ஆனாலும் 45 வயதுக்காரர்தான் அவரை 'அண்ணா' என்று கூப்பிடுகிறார்.

மண்ணில் முதல் பாடம்

தண்ணீரில் இறங்குவதற்கு முன் மணலில்தான் வகுப்பு. பலகையில் குப்புறப் படுக்க வேண்டும். கைகளால் துடுப்புப் போட வேண்டும். அலை பின்னாலிருந்து தூக்கியதும் உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே மூச்சில் எழ வேண்டும். முன்கால் இரண்டு கைகளுக்கும் நடுவே வந்து விழ வேண்டும். முழங்கால் மடங்கியிருக்க, கண் கரையைப் பார்க்க வேண்டும்.

எந்தக் காலை முன்னால் வைப்பது? இடது கால் முன்னால் வருவது பெரும்பான்மை. வலது கால் வந்தால் அதற்கு 'கூஃபி' என்று பெயர். எதிர்பாராமல் யாராவது பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் எந்தக் கால் முதலில் முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுதான் உங்கள் முன்கால். வீட்டில் இதைச் சோதிப்பவர்கள் பாட்டி தாத்தா மீது முயற்சி செய்ய வேண்டாம்.

மணலில் எல்லோருமே பிரமாதமாக எழுகிறார்கள். கடலில் முதல் அலை வந்ததும் அத்தனையும் மறந்துபோகிறது. அதிலும் இரண்டு தவறுகள் எல்லோருக்கும் பொது.

ஒன்று, கீழே பார்ப்பது. கால் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் குனிகிறார்கள். நம் தலை சுமார் ஐந்து கிலோ எடை. அது குனிந்தால் தோள் குனியும், தோளோடு எடையும் சாயும். காலைச் சரிபார்க்கக் குனிந்தவர் அந்தக் காலாலேயே விழுகிறார். பலகையைப் பார்த்தால் பலகையில் விழுவீர்கள், தண்ணீரைப் பார்த்தால் தண்ணீரில் விழுவீர்கள் என்பது கரையோரத்தில் சகஜமான கிண்டல்.

இரண்டாவது தவறு கொஞ்சம் சிக்கலானது. அலை தூக்கும்போது பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தி, ஆள் தலைகுப்புறப் போவார். மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறிய அந்த அனுபவம் ஒருமுறை போதும். அடுத்த முறை எல்லோரும் தவறாமல் ஒரு காரியம் செய்வார்கள். ஒரு அடி பின்னால் நகர்ந்து படுத்துக்கொள்வார்கள். மூக்கு இப்போது குத்தாது. ஆனால், வால் தண்ணீரில் அமிழ்ந்து பிரேக் போல இழுக்கும். அலை காலுக்கு அடியில் நழுவிப் போய்விடும். அலை கிடைக்காத கோபத்தில் வேகமாகக் கை போடுவார்கள், தாமதமாக எழுவார்கள். எழுவதற்குள் அலை செங்குத்தாகிவிடும். மறுபடியும் மூக்கு குத்தும். உடனே இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்வார்கள்.

உண்மையான தீர்வு பயத்துக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. இடத்தை மாற்றாமல், பலகையின் மூக்கு தண்ணீருக்குச் சில அங்குலம் மேலே இருக்கும்படி படுத்து, மார்பைத் தூக்கி, முன்னால் பார்த்து, அலை வருவதற்குக் கொஞ்சம் முன்பே துடுப்புப் போடத் தொடங்க வேண்டும். சொல்லிவிடலாம். விழுந்த பயம் உடம்பில் இருக்கும்போது முன்னால் போவது சாதாரண விஷயம் இல்லை.

கோல்ஃப்காரர்களின் தலைவலி

கரையில் நின்று இதைப் பார்க்கும் கோல்ஃப் பிரியர் யாராவது இருந்தால் சிரித்துவிடுவார். ஏனென்றால், இது அவருடைய வியாதி.

கோல்ஃப் நமக்குத் தூரத்து விளையாட்டாகத் தோன்றினாலும் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தொடங்கியது. ஊட்டியிலும் பழைய மைதானம் இருக்கிறது. சென்னையில் நந்தனத்தில் ஆடுகிறார்கள். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவிலும் பல தலைமுறைகள் ஆடியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் எங்கே கூடினாலும் பேச்சு ஒரு வார்த்தையில் வந்து நிற்கும்: ஸ்லைஸ்.

வலது கைக்காரர் ஓங்கி அடிக்கிறார். பந்து அழகாகக் கிளம்புகிறது. பாதி வழியில் வாழைப்பழம் போல வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. டேபிள் டென்னிஸில் பந்தை அறுத்து அடித்தால் சுழன்றுகொண்டு திரும்புமே, அதே சங்கதிதான். மட்டை போகும் பாதை ஒன்று, மட்டையின் முகம் பார்க்கும் திசை வேறொன்று. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து பக்கவாட்டுச் சுழற்சியோடு கிளம்பும். பந்து தொலைந்தால் ஓர் அடி தண்டம், அதோடு பழைய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். முதல் அடி வீணாகி, அடுத்து அடிப்பது மூன்றாவது அடி. ஒரு ஆட்டத்தில் நான்கைந்து முறை இப்படி ஆனால் ஸ்கோர் கார்டை மனைவியிடம் காட்ட முடியாது.

இதற்கு அவர் தானாகக் கண்டுபிடிக்கும் வைத்தியம்தான் வேடிக்கை. பந்து வலப்பக்கம் போகிறதா, நான் இடப்பக்கம் திரும்பி நின்று அடிக்கிறேன் என்று நிற்கிறார். உடம்பு இடப்பக்கம் திரும்பியதும் மட்டையின் பாதையும் வெளியிலிருந்து உள்ளே, இன்னும் இடப்பக்கமாக அறுக்கிறது. முகம் மட்டும் பழையபடி திறந்தே கிடக்கிறது. பாதைக்கும் முகத்துக்கும் இடைவெளி கூடுகிறது. பந்து முன்பைவிட அதிகமாக வளைகிறது. மறுவாரம் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நிற்கிறார். வருடக்கணக்கில் இப்படியே திரும்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பது பிடியைத்தான். இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் உருட்டி, குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் முட்டிகள் தெரியும்படி பிடிக்கச் சொல்கிறார்கள். பிறகு, உள்ளிருந்து வெளியே, வலப்பக்கத்தை நோக்கி வீசச் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் பந்து தொலைகிறதோ அதே பக்கம்! மனசு ஒப்பாது. புதுப்பிடி சில வாரங்களுக்குக் கையில் வேறு யாருடைய மட்டையோ இருப்பது போலத்தான் இருக்கும். அந்தச் சில வாரங்களில் ஸ்கோர் இன்னும் மோசமாகும் என்பதால்தான் பாதிப் பேர் பழைய பிடிக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இரண்டு விளையாட்டுக்கும் உதவும் சாதனம் நம் எல்லோர் பையிலும் இருக்கிறது. செல்போனில் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ரீல்ஸுக்காக இல்லை, நீங்களே பார்ப்பதற்காக. முழங்கால் மடங்கியிருந்தது என்று சத்தியம் செய்தவர், வீடியோவில் விளக்குக்கம்பம் போல நிற்பதைப் பார்த்ததும் அமைதியாகிவிடுகிறார்.

அமைதியாக இருக்கும் இடம்தான் ஆபத்து

கோல்ஃபில் பந்து தொலையும். சர்ஃபிங்கில் மூக்கில் தண்ணீர் ஏறும். பலகை இல்லாமல் குளிக்க இறங்குபவர்களுக்கு, இதே கடற்கரையில் இதே மாதிரித் தவறு உயிரையே எடுத்துவிடுகிறது. முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை விடுமுறை நாள்களில் குளிக்க வந்து, குடும்பத்தைக் கரையில் நிற்கவைத்துவிட்டுப் போனவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. நீச்சல் தெரிந்தவர்களும் அதில் உண்டு.

காரணம், 'ரிப் கரன்ட்' எனப்படும் கடல் இழுப்பு. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே ஆழமான இடம் கிடைத்தால், ஆறு போல அதன் வழியே வேகமாகப் பாயும். அந்த இடத்தில் தண்ணீர் ஆழமாக இருப்பதால் அலை உடையாது. நுரை குறைவாக, நிறம் சற்று அடர்த்தியாக, பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். பக்கத்திலெல்லாம் அலை அடிக்கிறது, இங்கே அமைதியாக இருக்கிறது, பிள்ளைகளை இங்கே விளையாட விடலாம் என்று பெற்றோர் தேர்ந்தெடுப்பது சில நேரம் அந்த இடமாகவே அமைந்துவிடுகிறது.

வலுவான இழுப்பு விநாடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரரே எதிர்த்து நீந்தி ஜெயிப்பது கஷ்டம். ஆனால், மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்? கரையைப் பார்ப்பார், கரையை நோக்கியே நீந்துவார். இருக்கும் பலமெல்லாம் அதில் தீர்ந்துவிடும். இழுப்பு ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை, வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். மூழ்கடிப்பது களைப்பும் பதற்றமும்.

அதனால், மாட்டிக்கொண்டால் முதலில் மிதக்க வேண்டும். மல்லாந்து மூச்சை மீட்டுக்கொண்டு கையை ஆட்டி உதவி கேட்கலாம். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்த வேண்டும். இழுப்பின் அகலம் பெரும்பாலும் அதிகம் இருக்காது. அதைத் தாண்டியதும் அலை உடையும் இடம் வரும். அங்கிருந்து அலைகளே சாய்வாகக் கரைக்குத் தள்ளிவிடும். கரை கண்ணெதிரே இருக்கும்போது அதை விட்டுப் பக்கவாட்டில் நீந்த மனதைப் பழக்குவதுதான் கஷ்டம். அதை வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பிள்ளைகளிடம் பேசிவைத்துவிட வேண்டும்.

கரையில் இருப்பவர்களுக்கும் ஒன்று. காப்பாற்றப் பாய்ந்தவர் சேர்ந்து மூழ்குவது இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மிதக்கும் எதையாவது வீசுங்கள். மூடியிறுக்கிய காலி வாட்டர் கேன், பந்து, பலகை எதுவானாலும் சரி. பக்கத்தில் மீனவர்களோ சர்ஃபிங் பையன்களோ இருந்தால் கத்திக் கூப்பிடுங்கள், 112-க்கு அழையுங்கள். சர்ஃபிங் பயில்பவரின் காலில் பலகையோடு கட்டியிருக்கும் கயிறு அவரைக் காப்பாற்றும் பெரிய விஷயம். விழுந்தாலும் மிதக்கும் பொருள் ஒன்று அவரை விட்டுப் போகாது. குளிக்க இறங்குபவருக்கு அந்த வசதி இல்லை.

மீனவர்கள் இறங்க வேண்டாம் என்று சொன்னால் இறங்காதீர்கள். அவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். எச்சரிக்கைப் பலகைக்கு முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குபவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எப்போது போகலாம்?

காலைதான் சரியான நேரம். பகல் ஏற ஏறக் கடல்காற்று வலுத்து அலையைக் கலைத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் முரட்டுத்தனமாக இருக்கும், கற்றுக்குட்டிகளுக்கு ஏற்றதல்ல. முதல் வகுப்பில் இடுப்பளவுத் தண்ணீரில், ஏற்கெனவே உடைந்து நுரையாக வரும் அலையில்தான் பழக்குவார்கள். அதற்கு மேல் கூட்டிப்போகிறோம் என்று யாராவது ஆசை காட்டினால் யோசியுங்கள். பலகை பெரியதாக, ஸ்பாஞ்ச் போல மெத்தென்று இருப்பது நல்லது. மண்டையில் பட்டால் வித்தியாசம் தெரியும்.

பார்க்க மட்டும் வருபவர்களுக்கும் கண்ணுக்கு வேலை உண்டு. மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் ஆண்கள் பிரிவில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் பதக்கம் அது. அவரும் கோவளத்துக்காரர்தான், ஆனால் கேரளத்துக் கோவளம். இந்தப் பெயர்க் குழப்பத்தில் நம் ஊர்க்காரர்கள் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டது தனி. மாமல்லபுரத்துச் சிறுமி கமலியைப் பற்றிய ஆவணப்படம் பாஃப்டா பரிந்துரை வரை போனது. அதே மணலில் இப்போது அவரைவிடச் சின்னப் பெண்கள் பலகை தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்துகள் ஈ.சி.ஆர். வழியாகவே போகின்றன, கோவளத்திலும் திருவிடந்தையிலும் இறங்கலாம். கோயில் மதியம் நடை சாத்திவிடும் என்பதால் முதலில் பெருமாள், பிறகு கடல் என்ற வரிசைதான் வசதி. பிள்ளைகள் கூட வந்தால் தெற்கே வடநெம்மேலியில் 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. மாற்று உடை, இரண்டு துண்டு, குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சர்ஃபிங் முடிந்து வெளியே வருபவருக்குத் தோள்பட்டையில் உயிரே இருக்காது. திரும்பும்போது வண்டி ஓட்ட வேறு ஆள் இருந்தால் நல்லது.